கழுத்தில் விழுந்த ரம்பச் சுருள்

போன வாரம் உங்களில் ஒருவர் போனில் கேட்டார். "அண்ணாச்சி, பேண்ட்சா பிளேடு மடிக்கதுக்கு நல்ல வீடியோ ஏதும் இருந்தா அனுப்பி விடுங்க."

நான் அனுப்பவில்லை. வீடியோக்கள் ஏராளமாக இருக்கின்றன. எந்தக் கையை எங்கே பிடிக்க வேண்டும், மணிக்கட்டை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று எல்லோரும் சரியாகத்தான் காட்டுகிறார்கள். ஒரு மத்தியானம் உட்கார்ந்து பழகினால் வந்துவிடும். அதற்கு நான் தேவையில்லை. ஆனால் மடித்த பிளேடு மடித்தபடி இருக்க விரும்புவதில்லை என்பதை யாரும் காட்டுவதில்லை. அதை நான் கண்ணால் பார்த்த ஒரு காலைப் பொழுதைப் பற்றி எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னேன். அவர் ஒருவருக்கு எழுத உட்கார்ந்தது, வீட்டுப் பின்பக்கம் தகரக் கொட்டகை போட்டு மெஷின் வாங்கி வைத்திருக்கும் உங்கள் எல்லோருக்குமாக நீண்டுவிட்டது.

நான் கோவில்பட்டியில் ஒரு மர அறுவை மில்லில் ரம்பம் தீட்டும் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பல் தீட்டுவது, அறுந்த பிளேடைப் பற்றவைப்பது, மடித்துக் கட்டி வைப்பது, இவைதான் என் வேலை. ஓய்வுக்குப் பிறகும் சுற்றுவட்டாரத்தில் வீட்டில் தொழில் செய்கிறவர்களுக்கு இதையே செய்துகொண்டிருக்கிறேன்.

இந்தத் தொழிலுக்குப் புதியவர்கள் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். பேண்ட்சா பிளேடு என்பது நுனி இல்லாத ரம்பம். எஃகுப் பட்டையின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பற்றவைத்து வளையமாக்கியிருப்பார்கள். சின்ன மெஷினின் பிளேடை நிறுத்தி வைத்தால் நெஞ்சு உயரம் வரும். அதை இரண்டு கையாலும் பிடித்து, லேசாகத் திருப்பி, முன்னால் சாய்த்தால், அதுவரை முரண்டு பிடித்த எஃகு ஓர் இடத்தைத் தாண்டியதும் தானாகக் குனிந்து மூன்று சுற்றாகச் சுருண்டு, அரிசி புடைக்கிற சுளகு அளவுக்கு ஒரு வளையமாகக் காலடியில் வந்து விழும். எத்தனை முறை செய்தாலும் அந்தக் கணத்தில் என் மூச்சு ஒரு தடவை நின்றுதான் வரும். நெஞ்சு உயரத்துக்கு நின்ற ஒன்று எங்கே போயிற்று என்று இருக்கும். எங்கேயும் போகவில்லை. அந்தப் பெரிய வட்டம் முழுவதும் அந்தச் சின்னச் சுருளுக்குள் இருக்கிறது. கட்டியிருக்கும் கயிறுதான் அதைத் தடுத்துக்கொண்டிருக்கிறது.

மில்லில் எங்கள் அறைக்கு ஒரு மூத்தவர் இருந்தார். அதிகம் பேச மாட்டார். நான் சேர்ந்த புதிதில், இரண்டு பேர் சேர்ந்து மடிக்க வேண்டிய பெரிய பிளேடு ஒன்று அவர் கையிலிருந்து நழுவியது. எதிரில் நின்ற ஆள் பிடிக்கப் பாய்ந்தார். மூத்தவர் இரண்டு கையையும் விரித்துவிட்டு, "விடு, பின்னால போ" என்றார். பிளேடு தரையெல்லாம் புரண்டு, மேஜையில் அடித்து, சுவரில் உரசி, கடைசியில் ஒரு மூலையில் போய் நடுங்கி நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓடி முடிஞ்சிட்டுல்லா. இப்ப எடு" என்றார்.

நழுவினால் பிடிக்காதே, கையை விட்டுவிட்டு விலகு. இந்த ஒன்றுதான் மில்லில் என்னைக் காப்பாற்றிய விதி. என் பத்து விரலும் இன்று எனக்கு இருப்பது அதனால்தான். ஆனால் அந்த விதி செல்லுபடியாகாத ஓர் இடமும் இருக்கிறது. வேலுச்சாமி வீட்டில்தான் அதைப் பார்த்தேன்.

விளாத்திகுளம் போகிற சாலையில் பஸ்சை விட்டு இறங்கி, மிளகாய்க் காட்டை ஒட்டிக் கொஞ்சம் நடந்தால் வேலுச்சாமி வீடு. கோவில்பட்டியில் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். மில் வேலையை விட்டுவிட்டு, வீட்டின் பின்சுவரோடு சேர்த்து ஒரு கொட்டகை இறக்கி, சின்ன பேண்ட்சா ஒன்று போட்டார். கடலைமிட்டாய் போடுகிறவர்களுக்குப் பாகு ஊற்றிச் சமன் செய்யும் மரச்சட்டமும் பலகையும் செய்து கொடுப்பார். அவர் கையில் தேறிய சட்டத்தில் மூலை பிசகாது. அவர் மனைவி பேச்சியம்மாள் ஆடு வளர்க்கிற குடும்பத்தில் பிறந்தவர். கல்யாணமாகி வந்த பிறகும் ஆட்டை விடவில்லை. கொட்டகைக்கு எதிரிலேயே அவருடைய ஆட்டுப்பட்டி.

வேலுச்சாமிக்குப் பேச்சு குறைவு. எது கேட்டாலும் தலையாட்டல்தான் பதில். சாப்பிட்டாயா என்றால் ஆட்டுவார், மழை பெய்ததா என்றால் ஆட்டுவார். போனிலும் தலையாட்டிக்கொண்டிருப்பார், இந்தப் பக்கம் நான் "லைன்ல இருக்கீங்களா" என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவர் கொட்டகையில் பிளேடு வைக்கிற இடம் வீட்டின் பின்சுவர். சுவரில் நீளமான இரும்பு முளை ஒன்றை அடித்து, மடித்த பிளேடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அதில் மாட்டியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சணல் கட்டு. முளைக்கு நேர் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்துதான் சட்டத்துக்கு உப்புத்தாள் தேய்ப்பார். சின்ன இடத்தை நன்றாகத்தான் பயன்படுத்தியிருந்தார். பார்க்கவும் அழகாக இருந்தது. உங்களில் பலர் இப்படித்தான் வைத்திருப்பீர்கள்.

கரிசலில் வீடு கட்டியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் நிலம் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழை விழுந்ததும் வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டு மண் உப்பும். மேலே நிற்கிற சுவரும் அதோடு சேர்ந்து அசையும். பங்குனியில் சுத்தியலுக்கும் அசையாத முளை, ஐப்பசியில் விரலால் ஆட்டினால் ஆடும். சுவரைப் பார்த்தால் அப்படியேதான் இருக்கும்.

அந்த ஐப்பசியில் விடாத அடைமழை. ஒரு நாள் காலை வானம் வெளுத்தது. தீட்டி முடித்த பிளேடு ஒன்றை வேலுச்சாமிக்குக் கொடுக்கலாம் என்று சாக்கில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அவர் வீட்டை அடைவதற்குள் காலுக்கொரு செங்கல் கட்டியதுபோலக் கரிசல் அப்பிக்கொண்டது. வாசல் பக்கத்துக் குழாயில் காலைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

கொட்டகைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. முதலில் காரை உதிர்கிற சத்தம், பிறகு எவர்சில்வர் தட்டுகள் மொத்தமாகச் சரிந்தாற்போல ஒரு சிலீர். அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை. பட்டியில் ஆடுகள்கூட ஒரு கணம் வாயை மூடிக்கொண்டன. பிறகு பேச்சியம்மாளின் குரல் வந்தது. சத்தம் போடவில்லை. பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுகிற குரல்.

"அப்படியே இருங்க. அப்படியே. ஒண்ணும் இல்ல."

ஓடிப் போய்க் கொட்டகை வாசலில் நின்றேன்.

முளை சுவரிலிருந்து காரையோடு பெயர்ந்து வந்திருந்தது. மாட்டியிருந்த நான்கு சுருள்களும் ஒரே கொத்தாக, முக்காலியில் உட்கார்ந்திருந்த வேலுச்சாமியின் தலைவழியே இறங்கி, மாலை விழுவதுபோல அவர் தோளில் விழுந்திருந்தன. நான்கு பிளேடுகள், அத்தனையின் பல்லும் அவர் கழுத்தைச் சுற்றி. அதில் ஒன்றின் சணல் அறுந்துவிட்டது. அது பாதி விரிந்து, அதன் ஒரு சுற்று மெஷின் மேஜையின் விளிம்பில் போய் மாட்டி விறைத்து நின்றது. இன்னொரு சுற்று அவருடைய தாடைக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற மூன்றும் அதனோடு பின்னிக் கிடந்தன.

அவருக்குக் காப்பி கொண்டுவந்த பேச்சியம்மாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவருக்கு எதிரே முட்டி போட்டு, இரண்டு கையாலும் அவர் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நெற்றிப்பொட்டுக்கு ஒரு கை. எஃகில் அவர் கை படவில்லை, தலையை மட்டும்தான் பிடித்திருந்தார்.

நான் வாயைத் திறந்தேன். "வேலுச்சாமி, எங்கயும் பட்டிருக்கா?"

அவர் கண் என் பக்கம் திரும்பியது. பேச்சியம்மாளின் கைகள் இறுகுவதைப் பார்த்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார்.

"அண்ணாச்சி, அவியகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. கேட்டா தலைய ஆட்டிருவாவ."

வாழ்நாள் முழுவதும் பிளேடோடு இருந்தவன் நான். அந்தக் கொட்டகைக்குள் நுழைந்ததும் எஃகைப் பார்த்தேன், சணல் கட்டைப் பார்த்தேன், மேஜையைப் பார்த்தேன். அந்தக் கழுத்துக்கு முதல் ஆபத்து அந்த மனிதரின் பழக்கம்தான் என்று பேச்சியம்மாள் பார்த்திருந்தார். சத்தம் கேட்ட மாத்திரத்தில் கூவி ஆளைக் கூட்டவில்லை, பிளேடைப் பிடித்து இழுக்கவில்லை. தலையைப் பிடித்தார். எந்த யோசனைக்கும் நேரமில்லாத அந்தக் கணத்தில் அவருக்கு அது எப்படித் தோன்றியது என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

மெயின் சுவிட்சை அணைத்தேன். தோல் கையுறை ஒரு ஜோடி என் பையில் எப்போதும் இருக்கும், போட்டுக்கொண்டேன். பிறகு என்ன செய்வது என்று பார்த்தேன். விலகிப் போ என்கிற விதி இங்கே உதவாது. ஓடி முடியட்டும் என்று காத்திருக்கலாம் என்றால், அது ஓட வேண்டிய வழி வேலுச்சாமியின் முகத்தின் மேல் இருந்தது. வெட்டிவிடலாமா என்றால், விறைத்து நிற்கிற எஃகை வெட்டினால் இரண்டு நுனியும் சாட்டையாக வீசும். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுக்கம்பியால் இறுக்கிவிட்டு மொத்தமாகத் தூக்கலாம் என்று தோன்றியது. ஆணியில் தொங்கிய கம்பியை எடுத்தும் விட்டேன். குனிந்து கிட்டே பார்த்தபோதுதான் அது தெரிந்தது. அவிழ்ந்த பிளேடின் ஒரு பல், அடுத்த சுருளின் சணல் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தது. வேலுச்சாமி மூச்சு விடும்போதெல்லாம் அந்தப் பல் சணலில் ஒரு முறை உரசியது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு பிரி எழும்பியது. இதில் நான் கம்பியைப் போட்டு இறுக்கினால், சுற்றுகளெல்லாம் இன்னும் கழுத்தை நெருங்கும்.

கம்பியைக் கீழே வைத்தேன்.

"தாயி, இதக் கட்டப் போறதில்ல" என்றேன். "அவுத்து விடப் போறேன்."

பேச்சியம்மாள் கையை எடுக்காமலே கேட்டார். "விட்டா பாயாதா?"

"பாயும். அதுக்குப் பாய எடம் வேணும். ஒவ்வொரு சுத்தா அவர் தலைக்கு மேல தூக்கி வெளிய விட்டா, எடம் இருக்கு. இங்கனயே அடக்கி வச்சாத்தான் கஷ்டம்."

"தூக்குற வரைக்கும் கழுத்துல உரசுமே."

"நடுவுல ஏதாவது வைக்கணும். துணி பத்தாது."

"வாசல்ல என் கம்பளி கெடக்கு. எடுத்துத் தாங்க."

மழைக்கு ஆடு மேய்க்கப் போகும்போது தலையில் போட்டுக்கொள்கிற கருப்புக் கம்பளி. எடுத்து வந்து பேச்சியம்மாள் தோளில் போட்டேன். அவர் ஒரு கையை மட்டும் தலையிலிருந்து எடுத்து, இன்னொரு கையை நெற்றிக்கு நகர்த்திக்கொண்டு, கம்பளியின் ஓரத்தைப் பல்லுக்கும் தோலுக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சமாக நுழைக்க ஆரம்பித்தார். பிளேடை நகர்த்தவில்லை. கம்பளியைத்தான் நகர்த்தினார். பல் மாட்டிய இடத்தில் நின்று, மடித்து, சுற்றிக்கொண்டு போனார்.

"வேலியில ஆடு தலைய விட்டுக்கிட்டா முள்ளப் பிடிச்சு இழுக்கப்படாது" என்றார் என்னிடம். "மொதல்ல ஆடு நிக்கணும்."

பிறகு வேலுச்சாமியிடம் பேசத் தொடங்கினார். கழுத்தில் நான்கு ரம்பத்தோடு உட்கார்ந்திருக்கிற புருசனிடம் அவர் பேசியது இதுதான். கருப்பு ஆடு போட்ட இரண்டு குட்டிகளில் ஒன்று பால் குடிக்க ஆரம்பித்துவிட்டது. இன்னொன்று நாளைக்குக் குடித்துவிடும். அண்ணன் வீட்டில் கம்பு விதைத்துவிட்டார்கள். இந்த மழை கம்புக்கு நல்ல மழை. மத்தியானத்துக்குப் புளிக்கொழம்பு வைத்திருக்கிறது. வெயில் வந்துவிட்டது, உளுந்தைக் காயப்போட வேண்டும். இப்படியே, ஏற்ற இறக்கம் இல்லாமல், பேசிக்கொண்டே போனார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அவர் பேசியதில் ஒரு கேள்விகூட இல்லை. பதில் சொல்லவோ தலையாட்டவோ வேண்டாத வார்த்தைகளாகவே தேர்ந்து தேர்ந்து பேசிக்கொண்டிருந்தார். வேலுச்சாமியின் மூச்சு மெதுவானது. சணலில் பல் உரசுவதும் மெதுவானது.

கம்பளி உள்ளே போன பிறகு, மேஜை விளிம்பில் மாட்டியிருந்த சுற்றை ஒரு கையால் அழுத்திப் பிடித்து விடுவித்தேன். எஃகு என் கைக்குள் துடித்தது. மடித்த பிளேடை எத்தனையோ முறை பிடித்திருக்கிறேன், ஒரு மனிதனின் கழுத்தைச் சுற்றியிருக்கும்போது பிடித்ததில்லை. அப்போது அதன் பலமே வேறு. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் ஆட்டிவிடுவார். பேச்சியம்மாளிடம் கண்ணால் காட்டினேன். கம்பளியின் மறு ஓரத்தை அவர் புருசனின் கண் மேல் போர்த்தினார். தன் நெற்றியை அவர் நெற்றியோடு முட்டுக்கொடுத்து வைத்துக்கொண்டார்.

முதல் சுற்றைத் தலைக்கு மேல் தூக்கி, கொட்டகையின் திறந்த பக்கமாக விட்டேன். படாரென்று தகரத்தில் அடித்தது. பட்டியில் ஆடுகள் சிதறின. இரண்டாவது சுற்றையும் தூக்கியதும் மீதி தானாகவே அகன்று, பெரிய வட்டமாகி, முக்காலியில் இருந்தவரையும் எதிரில் முட்டி போட்டிருந்தவரையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு மெல்லத் தரையில் போய்ப் படுத்தது. அதில் இப்போது எந்த வேகமும் இல்லை.

பல் உரசிச் சணல் தேய்ந்திருந்தது இரண்டாவது சுருளில்தான். அதை மடித்தபடியே தூக்கிவிட நினைத்தேன். காதைத் தாண்டும்போது கட்டு விட்டுவிட்டது. மூன்று சுற்றும் ஒரு பக்கம் என் பிடியில் இருந்தன, மறுபக்கம் பிய்த்துக்கொண்டு விரிந்தது. மில்லில் ஊறிய பழக்கம் விரல்களை விரிக்கச் சொன்னது. விரிக்கவில்லை. நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, அப்படியே பின்னால் இரண்டு எட்டு வைத்து, தலையைத் தாண்டிய பிறகுதான் விட்டேன். போகிற போக்கில் ஒரு பல் வேலுச்சாமியின் காதின் மேல்நுனியைக் கிழித்துவிட்டது. ரத்தம் கம்பளியில் இறங்கியது.

"ரத்தம் வருது" என்றார் பேச்சியம்மாள் அதே குரலில். "காதுதான். நீங்க ஒங்க வேலையப் பாருங்க அண்ணாச்சி."

மற்ற இரண்டும் கட்டோடு இருந்தன. ஒவ்வொன்றாகத் தலைவழியே எடுத்தேன். அந்தச் சணலை நம்ப மனமில்லாமல், தள்ளிப் போய் அதை அறுத்து, அவற்றையும் தரையில் விரித்து விட்டேன். நான்கு பெரிய வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டகை முழுக்கப் படர்ந்து கிடந்தன. இத்தனையும் ஒரு கழுத்தைச் சுற்றி இருந்தன என்று அப்போது யாராவது வந்து பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

"எல்லாம் எடுத்தாச்சு" என்றேன்.

வேலுச்சாமி அசையவில்லை. பேச்சியம்மாள் அவர் தலையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "இனிமே ஆட்டிக்கிடுங்க" என்றார். அவர் ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நிறுத்த அவரால் முடியவில்லை.

காதுக்குத் தையல் போட வேண்டும் என்று ஆட்டோவுக்குப் போன் செய்துவிட்டு, கம்பளியைச் சுருட்டி எடுத்தேன். அப்போதுதான் பேச்சியம்மாளின் இடது கையைப் பார்த்தேன். நான்கு விரலின் மேல்புறத்திலும் வரிசையாக, சீப்பை அழுத்தியதுபோல, பல் பதிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"இது எப்பம்மா?"

அவர் கையைத் திருப்பிப் பார்த்தார், ஏதோ வேறு யாருடைய கை போல. "கம்பளி அந்தப் பக்கம் எட்டல அண்ணாச்சி. அதான் கைய வச்சேன்."

கம்பு விதைத்ததையும் உளுந்து காயப்போட வேண்டியதையும் சொல்லிக்கொண்டிருந்த அந்த நேரம் முழுவதும் கழுத்துக்கும் ரம்பத்துக்கும் நடுவில் அவர் கை இருந்திருக்கிறது. குரலில் ஒரு பிசிறுகூட இல்லை. கூடவே நின்ற எனக்குத் தெரியவில்லை. நான் பெரிய மில்லில் இருந்தவன், தைரியசாலிகளைப் பார்த்தவன். குழாயடிக்குப் போய், ஏற்கெனவே கழுவிய காலை மறுபடி கழுவிக்கொண்டு நின்றேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மடித்த பிளேடைத் தலைக்கு மேலே வைக்காதீர்கள். சுவர் எவ்வளவு கெட்டியாகத் தெரிந்தாலும் சரி, நம் மண்ணில் சுவரை நம்பி முளை அடிக்காதீர்கள். பிளாஸ்டிக் டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்துத் தரையில் வைத்து, அதற்குள் நிறுத்தி வையுங்கள். ஒரு கட்டு போதாது, மூன்று இடத்தில் துணியால் கட்டுங்கள். இடம் இருக்கிறவர்கள் மடிக்காமலே வைத்துவிடலாம். விரிந்து கிடக்கிற பிளேடு யாரையும் ஒன்றும் செய்யாது. அதையெல்லாம் மீறி ஒரு நாள் ஏதாவது நடந்துவிட்டால், கையை நீட்டுவதற்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் நின்று, அந்த எஃகு எங்கே போக விரும்புகிறது என்று பாருங்கள். அந்த வழியில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்றும் பாருங்கள். கடைசியாகச் சொன்னது எனக்கு மில்லில் கிடைத்த பாடம் இல்லை.

வேலுச்சாமி காது ஆறி, கார்த்திகை முடிவதற்குள் மெஷினுக்குத் திரும்பிவிட்டார். சட்டங்களின் மூலை முன்போலவே பிசகாமல் வந்தது. ஆனால் மடித்த பிளேடைத் தொட அவரால் முடியவில்லை. மெஷினில் மாட்டுவார், கழற்றுவார், அறுப்பார். மடிக்க எடுத்தால் அப்படியே தரையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். இதைப் பேச்சியம்மாள்தான் போனில் சொன்னார்.

பொங்கல் கழிந்து ஒரு நாள், தீட்ட வேண்டிய பிளேடுகள் இருக்கின்றன என்று கூப்பிட்டார்கள். மடித்து எடுத்துக்கொள்ளலாம் என்று கையுறையோடு போனேன். கொட்டகை வாசலில் சாக்கு தயாராக இருந்தது. உள்ளே மூன்று சுருள்கள். சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று இடத்தில் பழைய சேலைத் துணியால் கட்டு. வேலுச்சாமியைப் பார்த்தேன். அவர், தான் மடிக்கவில்லை என்று தலையாட்டிவிட்டு, பட்டிப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

பேச்சியம்மாள் ஆட்டுக்குத் தின்ன இலைக்குழை கட்டிவிட்டு வந்தார்.

"நீங்களா மடிச்சீங்க?"

"நாந்தான். சரியா இருக்கா அண்ணாச்சி?"

"யாரு சொல்லித் தந்தா?"

"யாரும் சொல்லித் தரல. அன்னைக்கு நீங்க ஒவ்வொண்ணா விரிச்சு விட்டீங்கல்லா. மொத ரெண்டும் நான் சரியாப் பாக்கல. பொறவு தள்ளிப் போயி ரெண்ட விரிச்சீங்க, அதப் பாத்தேன். அதையே பின்னால இருந்து பண்ணுதேன்."

கையுறை போடாமல் செய்யக் கூடாது என்று சொல்லி, என்னுடையதைக் கொடுத்து, ஒரு தடவை செய்து காட்டச் சொன்னேன். மெஷினிலிருந்து அப்போதுதான் கழற்றிய பிளேடு ஒன்று தரையில் கிடந்தது. எடுத்து நிறுத்தினார். அவர் குள்ளம், வளையம் அவர் தோள் வரை வந்தது. காலால் அடியை மிதித்துக்கொண்டார், இரண்டு பக்கமும் பிடித்தார், முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டார். மணிக்கட்டு திரும்பியதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு நடந்ததை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவ்வளவு பெரிய வட்டம் குனிந்து, உள்ளே போய், சத்தமே இல்லாமல் மூன்று சுற்றாக அவர் காலடியில் வந்து அமர்ந்தது. தகரத்தில் படவில்லை, தரையில் மோதவில்லை. மெஷின் பக்கத்தில் நின்ற வேலுச்சாமி அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சியம்மாள் துணியால் மூன்று கட்டும் போட்டு, சாக்குக்குள் வைத்து, கையுறையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார். இன்னொரு தடவை செய்து காட்டச் சொல்லியிருப்பேன். கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.